இயந்திரப் பூவேலையில் சுருக்கம் விழாதிருக்க

வெளிமாநிலங்களில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் தையல் இயந்திரம் வீட்டு வருவாய்க்கும் துணை நிற்கிறது. அண்டை வீட்டார் கொடுத்த ரவிக்கைத் துணியில் பூவேலை சுருங்கிவிட்டால் கூலியோடு நம்பிக்கையும் போய்விடும். அதைத் தடுக்கும் வழிகளுட் பல, ஊசி இறங்குமுன்னரே நாம் செய்ய வேண்டியவை.

புதுப் பருத்தித் துணியை முதலில் நனைத்து உலர்த்தி, இஸ்திரி போட வேண்டும். இன்றேல் பின்னர்த் துவைக்கையில் துணி சுருங்கப் பூ புடைத்து நிற்கும். வளையத்தில் துணி தளர்வின்றி இருக்கட்டும். இழை கோணும்படி இழுத்தலாகாது. கைவேலையைப் போலன்றித் துணி வளையத்தின் அடிப்பக்கத்தில், இயந்திரத் தட்டோடு படிந்திருக்க வேண்டும். மெல்லிய துணியாயின் அடியில் தாள் வைத்துத் தைத்து, பிறகு மெதுவாகக் கிழித்தெடுக்கலாம்.

அடுத்து, துணியைத் தள்ளும் பற்களைத் தாழ்த்திப் பாதத்தைக் கழற்றுவோம். பாதம் இல்லாவிடினும் அதன் நெம்புகோலைத் தாழ்த்த மறவாதீர்கள். தாழ்த்தாவிடில் மேல்நூலுக்கு இறுக்கமின்றி அடியில் சிக்கல் விழும். பாபின் நூலை மேலே இழுத்துப் பிடித்தபின் தொடங்குக. மேல்நூலைச் சற்றே தளர்த்தினால் அடிநூல் பூவில் தலைகாட்டாது. காலின் வேகமும் கையின் நகர்வும் ஒத்துச் செல்ல வேண்டும். விரல்கள் ஊசியருகே செல்லலாகாது.

இவற்றையெல்லாம் அதே துணியின் துண்டொன்றில் தைத்துப் பார்த்த பின்னரே, பிறர் துணியில் ஊசியை இறக்குவோமாக.