பாரிசவாதம்: செனல் பண்ணுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது

டிக்கோயாவில் கடை வைத்திருக்கும் என் மாமா, கடந்த வருடம் ஒரு நாள் சுபஹ் தொழுதுவிட்டு வந்து தேநீர்க் கோப்பையைத் தூக்கினார். அது கையிலிருந்து நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சும் குழறியது. குளிர்க்காற்று பட்டிருக்கும் என்று மாமி எண்ணெய் தேய்த்தார். ஆசிரியர் கலாசாலையில் படித்தவன், விபரம் தெரிந்தவன் என்று வீட்டார் நம்பும் நான், போனை எடுத்து கண்டியில் நல்ல நரம்பியல் நிபுணர் யார் என்று மூன்று பேரிடம் விசாரித்தேன். மறுநாள் மாலைக்கு செனல் பண்ணினேன். பெரிய காரியம் செய்துவிட்டதாகவே அன்று நினைத்தேன்.

மாமாவின் வலது கை இன்னும் சரியாக இயங்கவில்லை.

பாரிசவாதத்தில் பெரும்பாலும் நடப்பது மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் கட்டியால் அடைபடுவது. சிலருக்குக் குழாய் வெடித்து இரத்தம் கசியும். வெளியில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும், சிடி ஸ்கேன் எடுத்தால்தான் வித்தியாசம் புரியும். அடைப்பு என்றால் கட்டியைக் கரைக்கும் ஊசி உண்டு. ஆனால் அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள், எவ்வளவு முந்தியோ அவ்வளவு நல்லது. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 இலட்சம் மூளைக் கலங்கள் அழிகின்றன என்று 2006இல் கணக்கிட்டார்கள். கசிவு என்றால் அதே ஊசி ஆளைக் கொன்றுவிடும். அதனால்தான் ஸ்கேனுக்கு முன் வீட்டில் அஸ்பிரின் கொடுக்கக் கூடாது. விழுங்கும் சக்தி போயிருக்கலாம் என்பதால் தண்ணீரும் கொடுக்கக் கூடாது.

ஆக, முதல் மணித்தியாலங்களில் நமக்குத் தேவை நிபுணரின் பெயர் அல்ல, ஸ்கேன் இருக்கும் அரச வைத்தியசாலை. அந்த ஊசியைப் போட நரம்பியல் நிபுணர்தான் வேண்டும் என்றில்லை, பயிற்சி பெற்ற பொது வைத்திய நிபுணர்களும் போடுகிறார்கள். முகம் கோணல், கை தளர்வு, பேச்சுக் குழறல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 1990க்கு அழையுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இந்த இலவச அம்புலன்ஸ் சேவை இன்று எல்லா மாகாணங்களிலும் உண்டு. தோட்டத்தில் இருப்பவர்கள் டிவிஷன் பெயரைச் சொல்லி, ஒருவரைப் பிரதான வீதியில் நிறுத்தி வையுங்கள். லயத்து வழி வெளியாருக்குத் தெரியாது.

நமக்குப் பக்கத்தில் இருப்பது 2017 மே 12இல் இந்தியப் பிரதமர் திறந்துவைத்த, 150 கட்டில்கள் கொண்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலை. அங்கே முதலில் சீனியும் பிரஷரும் பார்ப்பார்கள். சீனி குறைந்தாலும் பாரிசவாதம் போலவே தெரியும். அடுத்து நுவரெலியாவா, கண்டியா என்பதை வைத்தியர்களிடமே கேளுங்கள். அவர்கள் பேசி அனுப்பும்போது அங்கே ஆயத்தமாக இருப்பார்கள். கண்டிக்கு நம் வளைவுப் பாதையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போகும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

வைத்தியர் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று: கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்? தூக்கத்தில் வந்திருந்தால், படுக்கப்போன நேரத்திலிருந்துதான் கணக்கு. என் மாமா சுபஹ் தொழும்போது நன்றாக இருந்தார். எங்களுக்கு முழுதாக நாலரை மணித்தியாலம் இருந்தது. அதை எண்ணெய்யிலும் போனிலும் செலவழித்தோம்.

அறிகுறி பத்து நிமிடத்தில் மறைந்தாலும் போகத்தான் வேண்டும். அடுத்த சில நாட்களில் பெரிதாக வரும் ஆபத்து அதில் அதிகம்.

நரம்பியல் நிபுணர் முக்கியமாவது பிறகுதான். ஏன் வந்தது, இதயத் துடிப்பில் கோளாறா, கழுத்துக் குழாயில் அடைப்பா, வலிப்பு வருமா என்று பார்ப்பவர் அவர். வீடு திரும்பும்போது டயக்னோசிஸ் கார்ட்டோடு நரம்பியல் கிளினிக்குக்கான கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். கண்டி தேசிய வைத்தியசாலையில் அந்தப் பிரிவு இருக்கிறது. மாலையில் காசு கொடுத்துப் பார்க்கும் நிபுணர், அநேகமாகப் பகலில் அரச கிளினிக்கில் இலவசமாகப் பார்ப்பவராகவே இருப்பார். செனல் பண்ணுவதென்றாலும் ஸ்கேன் படத்தையும் மருந்துகளையும் கையோடு கொண்டு போங்கள். பிசியோதெரபியை மட்டும் நிபுணருக்காகக் காத்திருந்து தள்ளிப்போடாதீர்கள், வார்டில் இருக்கும்போதே தொடங்கச் சொல்லிக் கேளுங்கள்.