விஞ்ஞானத்தைக் கேள்விக்குட்படுத்தலும் ஊவாவின் அனுபவமும்

விஞ்ஞானம் கூறுவதையெல்லாம் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டுமா என்ற கேள்வி நம் நாட்டில் அடிக்கடி எழுப்பப்படுவதொன்றாகும். கேட்பதில் தவறில்லை. முன்னர் உறுதியாகச் சொல்லப்பட்ட பலவற்றை விஞ்ஞானமே பின்னர் திருத்திக்கொண்டுள்ளது. ஆயினும் ஏற்கப்பட்ட ஒரு கருத்தை மறுப்பவர், தாம் முன்வைக்கும் மாற்றுக் கருத்தையும் அதே பரிசோதனைக்கு உட்படுத்தச் சம்மதிக்கின்றாரா என்பதே கவனிக்கப்பட வேண்டியது. பரிசோதிக்கப்படாத கருத்து அரச கொள்கையாகும்போது என்ன நேரும் என்பதை அறிய வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. பதுளை மாவட்டமே போதும்.

மாவட்டத்தின் தாழ்நிலப் பகுதியான கிராந்துருக்கோட்டை, காரணம் கண்டறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் அதிகமாகக் காணப்படும் இடங்களில் ஒன்று. 1990களில் வடமத்திய மாகாணத்தின் மெதவாச்சி, பதவியா முதலிய பகுதிகளில் வெளிச்சத்துக்கு வந்த இந்நோய், நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாத விவசாயிகளையும் தாக்கியது. வைத்தியர்களும் ஆய்வாளர்களும் ஒருமித்த விடைக்கு வர முடியவில்லை. விடையில்லாத இடத்தில் வேறு விடைகள் வந்து அமர்வது இயல்பே.

2011இல் களனிப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடாதிபதியாக இருந்த பேராசிரியர் நளின் டி சில்வாவும் அவரது குழுவினரும், நோய்க்குக் காரணம் ஆசனிக் என்று அறிவித்தனர். நாத தெய்வத்தின் அருளால் அத்தகவல் கிடைத்ததாக அவர் பகிரங்கமாகவே கூறினார். 2024இல் காலமான அவர், மேலைத்தேய விஞ்ஞானக் கோட்பாடுகள் மனிதர் புனைந்தவையே என்று நீண்டகாலமாக வாதிட்டவர். கணிதமும் பௌதிகவியலும் கற்றுத் தேர்ந்தவர் என்பதால் அவரது குரலுக்குத் தனி மதிப்பிருந்தது. யோசனை எங்கிருந்து வந்தது என்பதற்காக அவரைப் பரிகசிப்பது நியாயமன்று. பென்சீனின் அமைப்பு அரைத்தூக்கத்தில் கண்ட காட்சியொன்றால் விளங்கியதாக ஜேர்மனிய இரசாயனவியலாளர் கெக்குலே கூறவில்லையா? கெக்குலேயின் காட்சியைப் பிறர் பரிசோதித்து உறுதிசெய்தனர். பின்னர் நடந்த ஆய்வுகளோ ஆசனிக்கை முதன்மைக் காரணமென உறுதிசெய்யவில்லை.

எனினும் பசளையும் களைநாசினியுமே நோய்க்குக் காரணம் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. 2014இல் கலாநிதி சன்ன ஜயசுமன உள்ளிட்ட மூவர் வெளியிட்ட கட்டுரை, கிளைபொசேட் என்ற களைநாசினி வன்னீருடனும் உலோகங்களுடனும் சேரும்போது சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்றது. அது ஒரு கருதுகோள், நிரூபணமன்று. இருந்தும் 2015இல் அரசாங்கம் கிளைபொசேட்டை நாடு முழுவதும் தடைசெய்தது.

இங்கேதான் பதுளை மாவட்டத்தின் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். வெலிமடையின் உருளைக்கிழங்குத் தோட்டங்களிலும், பண்டாரவளை, பசறை, மடுல்சீமை தேயிலை மலைகளிலும் இரசாயனப் பாவனை காலங்காலமாக உண்டு. ஆனால் நோய் பரவியிருப்பது அங்கல்ல, கீழே கிராந்துருக்கோட்டையில். வன்னீரும் சேர வேண்டும் என்பதே கருதுகோள் என்று ஆதரவாளர்கள் பதிலளிக்கலாம். மலைநாட்டு நீரோ பெரும்பாலும் மென்னீர். அப்படியாயின் அந்தக் கருதுகோளின்படியே மலைத் தோட்டங்களில் தடைக்கு ஆதாரம் இல்லையே! இதனைக் கேட்டவர்கள் இருந்தனர், செவிமடுத்தவர்கள் குறைவு.

தடையின் பின் தேயிலை மலைகளில் புல் மண்டியது. பாம்புக்கும் குளவிக்கும் அஞ்சியபடி பெண்கள் கொழுந்தெடுத்தனர். புல்லைச் சுரண்டினால் மண் கரைந்தது. கிளைபொசேட்டுக்குப் பதிலாகப் பாவித்த வேறொரு களைநாசினியின் எச்சம் தேயிலையில் இருப்பதாக ஜப்பானிய கொள்வனவாளர்கள் ஆட்சேபித்தனர். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை நீக்கப்பட்டது.

பாடம் கற்கப்பட்டதா? 2021 ஏப்ரலில் அமைச்சரவை, இரசாயனப் பசளை இறக்குமதியையே நிறுத்தத் தீர்மானித்தது. அந்நியச் செலாவணிப் பற்றாக்குறை ஒரு காரணம். வெளியே சொல்லப்பட்டதில் சிறுநீரக நோயும் இருந்தது. 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் பத்து ஆண்டுகளில் செய்வதாகக் கூறப்பட்ட மாற்றம், ஒரே வர்த்தமானியால் உடனடியாகத் திணிக்கப்பட்டது.

கணக்கு எளிதானது. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன் உண்டு. கூட்டெருவில் பொதுவாக ஒன்று அல்லது இரண்டு சதவீதமே. 50 கிலோ யூரியா மூட்டையொன்று தரும் நைதரசனைப் பெற ஏறத்தாழ ஒன்றரைத் தொன் கூட்டெரு வேண்டும். அதைச் செங்குத்தான மலையில் சுமந்து ஏற்றுவது யார்? சேதன முறை இயலாததென்று இதற்குப் பொருளில்லை. ஹப்புத்தளைக்கு அருகே இதல்கஸ்ஹின்னவில் 1980களின் பிற்பகுதியிலிருந்து சேதனத் தேயிலை விளைகிறது. ஆனால் அது பல்லாண்டு தயாரிப்பும், சான்றிதழும், கூடுதல் விலை கொடுக்கும் சந்தையும் உள்ள ஓரிடம். ஒரு தோட்டத்தில் சாத்தியமானது ஒரு பருவத்தில் முழு நாட்டுக்கும் சாத்தியமாகிவிடாது.

ஏழு மாதங்களுக்குள், நவம்பரில், அரசாங்கம் பின்வாங்கியது. அதற்குள் பசளையின் விலை எட்டாத உயரத்துக்குச் சென்றிருந்தது, டொலரும் இல்லை. 2021இல் 30 கோடி கிலோவை அண்மித்திருந்த தேயிலை உற்பத்தி, 2022இல் சுமார் 25 கோடி கிலோவாக வீழ்ந்தது. எரிபொருள் நெருக்கடிக்கும் இதில் பங்குண்டு. ஆயினும் பசியெடுத்த செடி துளிர்ப்பதில்லை. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக்கப்பட்டபோது, பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய கொழுந்தின் நிறையும் உயர்த்தப்பட்டது. கொழுந்து இல்லாத மலையில் அந்த நிறை வராவிட்டால் அரைப்பேர்தான். தம்முடைய சிறு நிலங்களில் தேயிலையும் மரக்கறியும் பயிரிடும் சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் எவரும் தப்பவில்லை.

விஞ்ஞானிகள் மீதும் குறையுண்டு. நோயாளிகளின் மொழியில் அவர்களிடம் பேசியோர் மிகச் சிலரே. வெப்பமும் நீரிழப்புமா, குடிநீரிலுள்ள புளோரைட்டா, பல காரணிகளின் சேர்க்கையா என்ற ஆய்வு இன்னமும் நீடிக்கிறது. இதையொத்த நோய் மத்திய அமெரிக்காவின் கரும்புத் தொழிலாளரிடமும் காணப்படுகிறது. கிராந்துருக்கோட்டை விவசாயிக்குக் கிடைத்திருப்பது சுத்திகரிக்கப்பட்ட நீரும் சிகிச்சையும்; காரணம் அல்ல.

இத்தனை ஆண்டுகள் நடந்த விவாதத்தில், மலையில் முதுகில் தாங்கியைச் சுமந்து களைநாசினி தெளிக்கும் தொழிலாளரின் உடலுக்கு என்ன நேர்கிறது, அவருக்குக் கையுறையும் முகமூடியும் ஒழுங்காக வழங்கப்படுகின்றனவா என்ற கேள்வி, தடையைக் கோரியவர்களின் மேடைகளிலும் தடையை எதிர்த்த கம்பனிகளின் அறிக்கைகளிலும் முக்கிய இடம் பெறவில்லை.