சிங்கராஜ வனத்தின் ஓரத்தில் ஓரிரவு

விடுமுறை வந்தால் பிள்ளைகளை நுவரெலியாவுக்கு அழைத்துச் செல்வது நம்மவர் வழக்கம். ஒருமுறை சிங்கராஜ வனத்தருகே தங்கிப் பாருங்கள்.

வசதிகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள். குடாவ வாயிலருகே இருப்பவை எளிய விடுதிகள். மழைக் காட்டின் ஈரத்தில் துவைத்த உடை இலேசில் காயாது. பாதையில் அட்டைகள் காத்திருக்கும். நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக் கொள்ளுங்கள்.

யால காட்டைப் போல யானை, சிறுத்தையைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். இங்கு கண்ணைவிடக் காதுக்கே வேலை அதிகம். சுபஹுக்குப் பின் தாமதியாமல் புறப்படுங்கள். நெடுநேரம் நிசப்தம், திடீரெனப் பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாக வந்திறங்கும். சிலம்பன்கள் இலைகளைக் கிளறும். கரிக்குருவி ஆபத்தை அறிவிக்கும். மற்றவை அச்சமின்றிப் பூச்சி பிடிக்கும். கூடி வாழ்வதன் நன்மையைப் பிள்ளைகளுக்கு இதைவிட எப்படி விளக்குவது?

இன்னொன்றையும் அவர்களிடம் சொல்லுங்கள். 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக இங்கு இயந்திரங்களால் மரங்கள் வெட்டப்பட்டன. எதிர்ப்புக் கிளம்பியதால் 1977இல் அது நின்றது. 1988இல் இவ்வனம் உலக மரபுரிமையானது. குடாவவிலிருந்து நீங்கள் நடக்கும் பாதையே அன்று மரமேற்றிய வீதிதான்!

அதுவரை குரலால் மட்டுமே அறியப்பட்டிருந்த ஒரு சிறிய ஆந்தை, 2001இல் இங்குதான் கண்ணிற்பட்டது. காடு முற்றாக அழிந்திருந்தால் அதைக் கண்டிருப்போமா?

வானொலியை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக் பைகளைத் திரும்பக் கொண்டு வாருங்கள். மஃரிபுக்குப் பின் விளக்கை அணைத்து, குழந்தைகளோடு சற்று நேரம் காதுகொடுத்து இருங்கள்.