துரைக்கு ஆள் சேர்த்த கங்காணி

துரை இங்கிலாந்துக்காரர், அல்லது ஸ்காட்லாந்துக்காரர். தோட்டம் இலங்கை மலையில். ஆள் வேண்டியதோ திருநெல்வேலிச் சீமையிலிருந்து! துரைக்குத் தமிழ் வராது. ஆளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததும் இல்லை. பிறகு எப்படி லட்சக்கணக்கான பேரைத் திரட்டி வேலை வாங்கினார்கள்?

நடுவில் ஒருவர் இருந்தார். அவர்தான் கங்காணி.

1830-க்குப் பிறகு இலங்கை மலைகளில் காப்பித் தோட்டங்கள் பெருகின. பக்கத்துச் சிங்களக் கிராமத்தாருக்குச் சொந்த வயல் இருந்தது. அதை விட்டுத் தோட்டத்தில் போய்த் தங்க அவர்கள் விரும்பவில்லை. ஆகவே துரைமார் தமிழ்நாட்டுப் பக்கம் திரும்பினார்கள். பிறகு காப்பிச் செடியை நோய் அழித்தது. தேயிலை வந்தது. காப்பிக்குப் பருவத்தில் மட்டும் ஆள் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் வேண்டும். எனவே குடும்பம் குடும்பமாக அழைத்தார்கள்.

ஊருக்கு வந்த அண்ணாச்சி

துரை தாமே ஊர் ஊராகப் போனால் யார் நம்புவார்கள்? அதனால் கங்காணியின் கையில் முன்பணம் கொடுத்து, அவருடைய சொந்த ஊருக்கே அனுப்பினார்.

தாமிரபரணிக் கரையில் வயல் உண்டு. ஆனால் உழைத்தவர்கள் பலருக்கு ஒரு குழி நிலமும் கிடையாது. கரையை விட்டுத் தள்ளிப் போனால் மானம் பார்த்த பூமி. 1876-78 பஞ்சத்தில் கஞ்சிக்கே வழியில்லை. அந்த நேரத்தில் கோட்டும் தலைப்பாகையுமாக ஊர்க்காரர் ஒருவர் வந்து நின்றால்?

"தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடக்கும்" என்று ஆசை காட்டினார்கள் என மலையகத்தில் இன்றும் சொல்வார்கள். (மாசி என்பது கருவாடு.) அந்தப் பேச்சை அப்படியே நம்பியவர்கள் எத்தனை பேரோ! அண்ணாச்சி சொன்னால் சரியாக இருக்கும் என்று புறப்பட்டவர்களே அதிகம் இருப்பார்கள்.

ஊர்க் கடனைக் கங்காணி அடைத்தார். துணி வாங்கிக் கொடுத்தார். கப்பல் கூலி கட்டினார். எல்லாம் ஆளின் பேரில் பற்று! தட்டப்பாறை முகாமில் தங்கவைத்து, தூத்துக்குடியில் கப்பல் ஏற்றினார்கள். பிற்காலத்தில் மண்டபம் முகாம் வழியாக அனுப்பினார்கள்.

தலைக்கு இத்தனை காசு

தோட்டத்தில் விடியுமுன் தப்பு முழங்கும். ஆட்கள் பெரட்டுக்களத்தில் வந்து நிற்பார்கள். கங்காணியின் ஆட்களில் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ, அத்தனை தலைக்கும் கங்காணிக்குக் காசு உண்டு. காய்ச்சல் என்று லயத்தில் படுத்தால் அவர் சும்மா இருப்பாரா?

பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள். இவர்கள் பெரும்பாலும் ஆட்களுக்கு உறவினர்கள். மாமன், சித்தப்பன் என்று முறை இருக்கும். எதிர்த்துப் பேச நாக்கு எழாது. துரைக்குக் கிடைக்காத அதிகாரம் இது!

புதிதாக வந்த சின்னத்துரைமார் தமிழ் கற்கக் கொழும்பில் ஒரு புத்தகம் அச்சிட்டார்கள். அதன் பெயர் என்ன தெரியுமா? "இங்கே வா!" பெயரே போதும், உள்ளே என்ன இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரு துண்டுக் காகிதம்

கடன் தீராமல் ஆள் தோட்டத்தை விட்டு நகர முடியாது. கங்காணி நகரலாம்! "இவருக்கும் இவருடைய ஆட்களுக்கும் இவ்வளவு கடன். இதைக் கட்டுகிறவர் அழைத்துக்கொள்ளலாம்" என்று துரை எழுதிக் கொடுப்பார். அதற்குத் 'துண்டு' என்று பெயர். இங்கிலீஷ் சட்டங்களிலும் அந்தத் தமிழ்ச் சொல்லே ஏறியது.

துண்டை எடுத்துக்கொண்டு கங்காணி வேறு துரையிடம் போவார். அங்கே கூடுதல் முன்பணம் கிடைக்கும். பழைய கடன் தீரும். புதிய கடன் ஏறும். யார் தலையில்? கொழுந்து பறித்த பெண்ணின் தலையிலும், கவ்வாத்து வெட்டிய ஆணின் தலையிலும்தான். கங்காணியைக் கட்டிவைக்க முடியாமல் துரைமாரும் திண்டாடினார்கள்.

1921-ல் துண்டு முறை ஒழிந்தது. 1927-ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1939 ஆகஸ்டில், உடலுழைப்புக்கு ஆட்கள் இலங்கை போவதையே இந்திய அரசு தடுத்துவிட்டது.

இதற்குள் தாமிரபரணிக்கு மேலேயே ஒரு தேயிலை மலை உருவாகியிருந்தது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் பம்பாய் பர்மா கம்பெனி 99 வருடக் குத்தகைக்கு எடுத்த மாஞ்சோலைக் காடு, 8,374 ஏக்கர். அங்கேயும் கங்காணிகளே ஆள் சேர்த்தார்கள். குத்தகை 2028-ல் முடிகிறது. 2024-ல் கம்பெனி தொழிலாளருக்கு விருப்ப ஓய்வு அறிவித்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலை. கீழே ஊரில் பலருக்குச் சொந்தமாக ஒரு குடிசையும் இல்லை.