அயல்நாட்டு உடையும் பாதரட்சையும்: அளவு அறிந்து வாங்கும் முறை

நூலின் எண்ணைப் பற்றி நெசவாளர்களாகிய நமக்கு ஒருவர் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பருத்தி நூலில் 40-ஆம் நம்பரைவிட 80-ஆம் நம்பர் மெல்லியது. பட்டு நூலின் டெனியர் கணக்கிலோ எண் உயர உயர நூல் பருக்கிறது. பருத்திக் கணக்கு, ஒரு பவுண்டு நிறையில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை என்று எண்ணுகிறது. டெனியர் கணக்கு, 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்று நிறுக்கிறது. ஆதலால் எந்தக் கணக்கு என்று அறியாமல், வெறும் எண்ணைக் கேட்டு நாம் நூல் வாங்குவதில்லை.

நூலில் இத்துணை எச்சரிக்கையாக இருக்கும் நாம், அயல்நாட்டிலிருந்து உடையும் பாதரட்சையும் தருவிக்கும்போது அதை மறந்துவிடுகிறோம். இப்பொழுது கைபேசி வாயிலாகவே பல அங்கத்தினர்கள் பிற நாட்டுப் பொருள்களை வாங்குகின்றனர். நம் அங்கத்தினர் ஒருவர், இங்கே வழக்கமாக 8-ஆம் எண் ஜோடு அணிபவர், அமெரிக்காவிலிருந்தும் 8-ஆம் எண்ணையே தருவித்தார். வந்த ஜோட்டில் அவர் விரல்கள் மடங்கின. திருப்பி அனுப்பத் தபால் கூலி, ஜோட்டின் விலையை எட்டிற்று. செலுத்திய சுங்கத் தீர்வை திரும்பக் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. புது ஜோடு இன்றும் அவர் வீட்டு மூலையில் கிடக்கிறது. பிழை எங்கே நேர்ந்தது என்பதை ஆராய்வோம்.

பாதரட்சையின் எண்கள்

நம் நாட்டுக் கடைகளில் பெரும்பாலும் பிரிட்டிஷ் எண்களே வழங்குகின்றன. இக்கணக்கில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வேற்றுமை, அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர். மூன்று வாற்கோதுமை மணிகளின் நீளம் ஓர் அங்குலம் என்ற பழைய ஆங்கில வழக்கிலிருந்து இது பிறந்தது. அமெரிக்கரும் இதே இடைவெளியைக் கையாளுகின்றனர். ஆனால் எண்ணத் தொடங்கும் இடம் வேறு. ஆகவே ஆண்களின் பிரிட்டிஷ் 8, அமெரிக்காவில் பெரும்பாலும் 9 ஆகிறது. பெண்களுக்கோ ஒன்றரை முதல் இரண்டு எண் வரை வேறுபடும்.

ஐரோப்பாக் கண்டத்தில் ஓர் எண் என்பது ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. 42-ஆம் எண் எனில் 28 சென்டிமீட்டர். இது பாதத்தின் நீளமன்று. ஜோடு தைக்கும்போது உள்ளே வைக்கும் கால்வடிவக் கட்டையின் நீளம். விரல்கள் அசைவதற்காக அக்கட்டை பாதத்தைவிட ஒன்றரை அல்லது இரண்டு சென்டிமீட்டர் நீண்டிருக்கும். ஜப்பானியர் பாதத்தின் நீளத்தையே சென்டிமீட்டரில் குறிக்கின்றனர். கொரியாவில் மில்லிமீட்டரில் குறிக்கின்றனர்.

ஆக, 26.5 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் ஆணின் பாதம் இங்கே 8, அமெரிக்காவில் 9, ஐரோப்பாவில் 42, ஜப்பானில் 26.5, கொரியாவில் 265 எனப் பெயர் பெறுகிறது. பாதம் ஒன்றுதான், பெயர்களே பல.

நீளத்தோடு அகலத்தையும் கருத வேண்டும். சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, நாடெங்கும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. அயல்நாட்டு எண்முறைகள் இந்தியரின் அகன்ற பாதத்துக்குப் பொருந்துவன அல்ல என்பது அதனால் தெளிவாயிற்று. எனவே, அகலப் பாதத்துக்கெனத் தனி வகை உண்டா என்று பார்த்தே வாங்குதல் நலம்.

உடையின் எண்கள்

உடையில் குழப்பம் இன்னும் மிகுதி. அமெரிக்க விவசாய இலாகா 1939, 1940 ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 15,000 பெண்களின் உடலை அளக்கச் செய்தது. அதனை அடிப்படையாகக் கொண்டு 1958-இல் தர அளவுகள் வெளியாயின. அதன்படி 8-ஆம் எண் உடை 31 அங்குல மார்புச் சுற்றுக்கு உரியது. அத்தரம் 1983-இல் கைவிடப்பட்டது. வாங்குவோர் சிறிய எண்ணைக் கண்டால் மகிழ்வர் என்று கருதி, பெரிய உடைக்குச் சிறிய எண்ணை இடும் வழக்கம் வியாபாரிகளிடையே பரவிற்று. இன்றைய 8-ஆம் எண் உடை, 1958-இன் 8-ஐவிட மிகப் பெரியது.

ஆண்களின் கோட்டுக்கு ஐரோப்பாவில் பலவிடங்களில் மார்புச் சுற்றில் பாதியே எண்ணாகும்: 100 சென்டிமீட்டருக்கு 50. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அதுவே அங்குலக் கணக்கில் 40 ஆகிறது. எஸ், எம், எல் என்னும் எழுத்துகளும் நிலையானவை அல்ல. ஜப்பானிய எம், அமெரிக்க எம்மைவிடச் சிறியது.

அளவெடுக்கும் முறை

பாதத்தை மாலையில் அளக்க வேண்டும்; பகலெல்லாம் நடந்தபின் அது சற்று வீங்கியிருக்கும். சுவரோரம் ஒரு காகிதத்தை விரித்து, குதிகால் சுவரைத் தொட நிமிர்ந்து நின்று, மிக நீண்ட விரலின் நுனியில் மற்றொருவரைக் கொண்டு கோடிடச் செய்க. இரு பாதங்களையும் அளந்து, பெரியதையே கணக்கில் கொள்க.

உடைக்கு மார்பு, இடை, இடுப்பு, கழுத்து ஆகியவற்றின் சுற்றளவையும், தோள் அகலத்தையும், கை நீளத்தையும் நாடாவால் அளந்து சென்டிமீட்டரில் குறித்து வைத்துக்கொள்க. நாடா உடலைத் தொட வேண்டும், இறுக்கலாகாது.

பிறகு விற்பவரின் அளவுப் பட்டியலைப் படிக்க வேண்டும். அது உடலின் அளவா, தைத்த உடையின் அளவா என்பதே முதற் கேள்வி. தைத்த உடை உடலைவிடச் சில அங்குலம் தளர்ந்தே இருக்கும். உடையின் அளவாயின், தமக்கு நன்கு பொருந்தும் சட்டையொன்றைத் தரையில் விரித்து, ஓர் அக்குளிலிருந்து மற்ற அக்குள் வரை அளந்து இரட்டித்து ஒப்பிடுக. பருத்தியாயின், துவைத்தால் சுருங்குமா என்றும் கேட்டறிக. பட்டியல் இல்லாத இடத்தில் வாங்காதிருப்பதே மேல். திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் பணம் கட்டுமுன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

நமக்கும் ஒரு கடமை

இது வாங்குவோருக்கு மட்டும் உரிய பாடமன்று. நம் கைத்தறித் துணியில் தைத்த சட்டை கடல் கடந்து செல்லும்போது, அங்கே வாங்குபவர் நம் அங்கத்தினரின் நிலையிலேயே இருக்கிறார். 'எல்' என்று மட்டும் எழுதி அனுப்பினால், பொருந்தாத சட்டை திரும்பி வரும். அதனுடன் நம் நற்பெயரும் குறைந்து வரும். நெய்தவர் உழைப்பும், தைத்தவர் உழைப்பும், சங்கத்தின் முதலும் ஒருங்கே வீணாகும். ஒவ்வொரு சட்டையிலும் மார்பு, நீளம், கை ஆகியவற்றின் அளவைச் சென்டிமீட்டரில் பொறித்து அனுப்பினால் இத்தீங்கு பெரிதும் நீங்கும்.

ஆதலின் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் குடும்பத்தாரின் அளவுகளை ஒரு தாளில் எழுதி, ஆண்டுக்கொரு முறை திருத்தி வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். வளரும் குழந்தைகளுக்கு இன்னும் அடிக்கடி அளக்க வேண்டும். எண் நாட்டுக்கு நாடு மாறும். நாடா காட்டும் அளவு எங்கும் மாறாது.