கருங்கோபுரத்தின் கடைசிக் கதவு



பாட்டி கதையைப் பாதியில் நிறுத்திவிட்டால் பிள்ளைகள் விடுவார்களா? "அப்புறம் என்ன ஆச்சு?" என்று துளைத்தெடுத்து விடுவார்கள். ஸ்டீபன் கிங் என்ற அமெரிக்க எழுத்தாளரிடம் அவருடைய வாசகர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதையின் பெயர் 'கருங்கோபுரம்'.

கௌபாய் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாலைவனம், குதிரை, இடுப்பில் துப்பாக்கி! அதோடு மந்திரவாதிகளையும், பேய்களையும், வேறு உலகங்களுக்குத் திறக்கும் கதவுகளையும் சேர்த்துப் பாருங்கள். அதுதான் இந்தக் கதை. கவிஞர் பிரௌனிங் 1855-இல் வெளியிட்ட கவிதை ஒன்றும், டோல்கீனின் பெருங்கதையும், செர்ஜியோ லியோனி இயக்கி 1966-இல் வெளிவந்த ஒரு கௌபாய் படமும் இதற்கு வித்திட்டன.

கிங் இதை எழுதத் தொடங்கியது 1970-இல். முதல் நூல் வந்தது 1982-இல். நாயகன் ரோலண்ட், தன் நாட்டின் கடைசித் துப்பாக்கி வீரன். எல்லா உலகங்களையும் தாங்கி நிற்கும் கோபுரம் ஒன்றைத் தேடிப் போகிறான். தேடல் நல்லதுதான். ஆனால் அந்த வேகத்தில், தன்னை நம்பி வந்த ஜேக் என்ற சிறுவன் பாதாளத்தில் விழும்போதுகூட அவனைக் காப்பாற்றாமல் போய்விடுகிறான். பிற்பாடு ஜேக் மீண்டு வந்து அவனோடு சேர்ந்துகொள்வது வேறு கதை.

நூல்கள் நீண்ட இடைவெளி விட்டு விட்டே வந்தன. புற்றுநோயால் நாள்களை எண்ணிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, முடிவை மட்டுமாவது சொல்லுங்கள் என்று கிங்குக்குக் கடிதம் எழுதினார். தூக்குத்தண்டனைக் கைதி ஒருவரும் அப்படியே கேட்டார். கிங்கால் சொல்ல முடியவில்லை. எழுதிப் பார்த்தால்தானே முடிவு அவருக்கே தெரியும்!

1999 ஜூன் 19-ஆம் நாள் சாலையோரம் நடந்து சென்ற கிங்மீது ஒரு வேன் மோதியது. உயிர் பிழைத்ததே பெரிது. இனியும் தாமதித்தால் கதை முடியாமலே போய்விடும் என்று உணர்ந்தவர், கடைசி மூன்று நூல்களை 2003, 2004 ஆகிய இரண்டே ஆண்டுகளில் வெளியிட்டார். ஏழாம் நூல் வந்த நாள் 2004 செப்டம்பர் 21, அவருடைய பிறந்தநாள்.

அந்த நூலில் என்ன நடக்கிறது? ரோலண்டின் தோழர்களான எடியும் ஜேக்கும், ஓய் என்ற சிறு விலங்கும் வழியில் உயிர் விடுகிறார்கள். சூசன்னா ஒரு கதவு வழியாக வேறு உலகம் சென்றுவிடுகிறாள். பிரிந்தவர்களின் பெயர்களை உரக்கச் சொல்லியபடி ரோலண்ட் தனியாகக் கோபுரத்தை அடைகிறான். இந்த இடத்தில் கிங், "இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்" என்று வாசகர்களை எச்சரிக்கிறார். யார் நிறுத்துவார்கள்?

மாடிக்கு மாடி அவனுடைய வாழ்வே காட்சியாக விரிகிறது. உச்சியில் அவன் பெயர் எழுதிய கதவு ஒன்று. திறந்தால், கதை தொடங்கிய அதே பாலைவனம்! அவன் எத்தனையோ முறை இங்கே வந்து, ஒவ்வொரு முறையும் மறந்து, மறுபடி நடந்தவன்.

"இத்தனை ஆண்டுகள் காத்திருந்தது இதற்குத்தானா?" என்று பலர் கோபப்பட்டார்கள். ஆனால் ஒரு சிறிய மாற்றம் உண்டு, நேயர்களே. முன்பு ஒரு போரில் அவனுடைய நண்பன் கையில் ஊதுகொம்பு ஒன்றை ஏந்தியபடி விழுந்தான். அது ரோலண்டின் முன்னோர் வழி வந்த கொம்பு. குனிந்து எடுக்கச் சில நொடி போதும். அந்தச் சில நொடிகூட ரோலண்ட் நிற்கவில்லை. இம்முறை அந்தக் கொம்பு அவன் இடுப்பில் இருக்கிறது. அடுத்த பயணம் வேறு விதமாக முடியலாம் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது.

கோபுரம் எங்கும் போய்விடாது. வழியில் விழுந்தவர்களுக்காகக் குனிய நமக்கு நேரம் இருந்ததா என்பதே கேள்வி. கருங்கோபுரத்தின் கடைசிக் கதவு கேட்பதும் அதைத்தான்.