மூக்கை நம்பி இறங்கும் குழி

கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்கிவிடப் பின்னாலேயே இறங்கியவரும் சாய, ‘விஷவாயு தாக்கி இருவர் பலி’ என்று நாளிதழ்கள் நான்கு வரிகளில் முடித்துவிடும் விபத்துகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஹைட்ரஜன் சல்பைடு. ஆக்சிஜன் எட்டாத சகதியில் சல்பேட்டைக் கொண்டு வாழும் பாக்டீரியாக்கள் வெளியிடும் இந்த வாயு, காற்றைவிடச் சற்றுக் கனமானது.

இதன் அழுகிய முட்டை நாற்றத்தை, காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாதபோதே மூக்கு கண்டுகொள்கிறது. ஆனால் அளவு 100 பங்கை எட்டினால் சில நிமிடங்களிலேயே முகரும் நரம்பு மரத்துப்போவதால், நாற்றம் அடங்கியது வாயு விலகியதாலா, மூக்கு செயலிழந்ததாலா என்று உள்ளே நிற்பவரால் பிரித்தறிய இயலாது. 500 பங்கைத் தாண்டி 1000 பங்கை நெருங்கும்போது, உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த உதவும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதி முடக்கப்பட்டு, இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் மூச்சு நின்றுபோகிறது. அந்த 1000 பங்கும் காற்றில் ஆயிரத்தில் ஒன்றுதான் என்பதால், சோதிக்க இறக்கும் மெழுகுவத்தி அணையாமல் எரிந்துகொண்டிருக்கும். மீத்தேன் சேர்ந்திருந்தால் அந்தச் சுடரே வெடிப்பையும் உண்டாக்கலாம்.

மூடியைத் திறந்து காற்றாட விட்டால் போதும் என்பதும் பாதி உண்மையே, ஏனெனில் வாயுவின் பெரும்பங்கு சகதிக்குள் கரைந்து கிடக்கிறது. கோலி சோடாவைக் கொண்டு இதை விளக்கலாம்: மேலே ஆடையாகக் காய்ந்த படலம் கோலி, அதைக் குத்தும் கழி கட்டைவிரல், சகதியைக் கலக்குவது புட்டியைக் குலுக்குவது, அடைப்பெடுக்க ஊற்றும் அமிலம் வாயுவை இன்னும் வேகமாகக் கிளப்பும் எலுமிச்சைச் சாறு, குடிப்பவர் புட்டிக்குள் நிற்கிறார் என்பதுதான் வேறுபாடு.

இந்த ஆபத்து புதிதுமல்ல. மலக்குழித் தொழிலாளர்களின் கண் அழற்சியையும், அவர்கள் வைத்திருந்த செப்பு, வெள்ளிக் காசுகள் கறுப்பதையும் இத்தாலிய மருத்துவர் ரமாசினி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார்.

தொட்டியைச் சுத்தம் செய்ய இயந்திர மனிதன் வந்துவிட்டது என்ற செய்தி படத்தோடு அடிக்கடி வெளியாகிறது. ஆனால் தக்க பாதுகாப்பின்றி மனிதரை இறக்கத் தடைவிதிக்கும் 2013ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்துக்குப் பிறகும் சந்துக்குள் இருக்கும் வீட்டுத் தொட்டிக்குக் கயிறும் வாளியுமே வருகின்றன. கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என மூன்று மட்டங்களிலும் இறக்கிப் பார்க்கவேண்டிய வாயுமானி, சகதியைக் கலக்கும்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மீட்கப்போகிறவருக்கும் வெளிக்காற்றையோ சிலிண்டர் காற்றையோ தரும் சுவாசக் கருவி தேவை; முகத்தில் கட்டும் ஈரத்துண்டு இந்த வாயுவைத் தடுக்காது.